ஆபீஸ் விட்டால் மைதான்

சென்ற ஐப்பசியில் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்கு வெளியே புல்தரையில் சாமியானா போட்டிருந்தார்கள். விளக்கு வைத்த சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பட்டுப் புடவைகளும் குழந்தைகளும் உள்ளே ஓட, நான் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நனைந்த கித்தான் துணியின் வாசனை, மிதிபட்ட ஈரப் புல்லின் வாசனை, பின்பக்கம் சமையல்காரர்கள் கொதிக்கவைத்த இஞ்சி டீயின் வாசனை. இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து நான் முகர்ந்த இடம் இன்னொன்று உண்டு. கல்கத்தா மைதான். அங்கே கால்பந்துக் கிளப்புகளுக்குக் கட்டடம் கிடையாது. டென்ட்தான். மழைக்காலம்தான் அவர்களுடைய லீக் காலம்.

நான் பிறந்தது கும்பகோணத்தில், வளர்ந்தது கல்கத்தாவில். அப்பாவுக்கு கார்டன் ரீச்சில், தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. லேக் மார்க்கெட் அருகே ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். வாழையிலையும் முருங்கைக்காயும் அரைத்த காபிப்பொடியும் கிடைக்கும் பேட்டை. கடைத்தெருவில் பாதி தூரம் தமிழிலேயே பேசிக்கொண்டு போய்விடலாம். வீட்டுக்காரர் மேல்மாடியில் இருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல்கத்தாக்காரர். கீழ்த்தளத்தில், பிரிவினைக்குப் பிறகு டாக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம். மேலே பச்சையும் மெரூனும் கலந்த மோகன் பகான் கொடி. கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த ஈஸ்ட் பெங்கால் கொடி. நடுவில் நாங்கள்.

குடிவந்த புதிதில் மாடிப்படியில் எங்களை நிறுத்தி இரண்டு வீட்டாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்க எந்த டீம்?" ஜாதி, சொந்த ஊர், சம்பளம் எல்லாம் அப்புறம். அப்பா யோசிக்கவே இல்லை. "பி.என்.ஆர்." என்றார். மேல்வீட்டுக்காரரும் சிரித்தார், நாங்கள் காக்கு என்று கூப்பிட்ட கீழ்வீட்டுக்காரரும் சிரித்தார். அது மனம் நிறைந்த சிரிப்பு. இந்த மதராஸிக்கும் லீக்கில் ஒரு டீம் இருக்கிறது, ஆகவே இவன் நம்மூர்க்காரன் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட சிரிப்பு என்று எனக்கு இப்போது புரிகிறது.

பி.என்.ஆர். என்பது பெங்கால் நாக்பூர் ரயில்வே. ரயில்வேயின் பெயர் மாறிப் பல வருஷம் ஆன பிறகும் கால்பந்து அணிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நாக்பூர் வரைக்கும், கீழே வால்டேர் வரைக்கும் ஓடிய ரயில்வே என்பதால் தெலுங்கர்களும் தமிழர்களும் அங்கே நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அணியிலும் அந்தக் கலப்பு இருந்தது. இந்தியாவுக்காக ஆடிய அப்பலராஜு அந்த அணியின் முன்கள ஆட்டக்காரர். 1963இல் பி.என்.ஆர். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டியையே வென்றது. அந்த வெற்றியை அப்பா தன் வீட்டுக் கல்யாணம் போலச் சொல்லுவார். யார் யாருக்குப் பந்து தந்தார், எந்தப் பக்கமிருந்து மழை அடித்தது என்பது வரை சொல்லுவார்.

லீக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பாவின் கணக்கு நோட்டு. மளிகைக் கணக்கு எழுதிய நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி என்று கட்டம் கட்டியிருப்பார். ஜெயித்தால் இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோவில் முடிவுகளைக் கேட்டுக் கட்டத்தை நிரப்புவது என் பொறுப்பு. ஏரியன், காளிகாட், ஸ்போர்ட்டிங் யூனியன், ஜார்ஜ் டெலிகிராஃப், ராஜஸ்தான், கிதிர்பூர், ஹவுரா யூனியன், உவாரி, போர்ட் டிரஸ்ட், கஸ்டம்ஸ், ஈஸ்டர்ன் ரயில்வே... வங்காள எழுத்துகளை நான் கூட்டிப் படித்தது பள்ளிக்கூடப் புத்தகத்தைவிட அதிகமாகப் பத்திரிகையின் லீக் அட்டவணையில்தான்.

"மேலே இருக்கிற ரெண்டு பேரைப் பாக்கறது சுலபம்டா. நடுவுல இருக்கறவன் என்ன பண்றான்னு பாரு. சாம்பியன் யாருங்கறதை அவன்தான் தீர்மானிக்கறான்" என்பார் அப்பா. அது உண்மை. பெரிய கிளப்புகள் இரண்டும் ஒருவரையொருவர் சந்திப்பது சீசனில் ஓரிரு முறைதான். மற்ற நாளெல்லாம் அவர்கள் ரயில்வே குமாஸ்தாவையும் துறைமுகத் தொழிலாளியையும் சுங்க இலாகா ஊழியரையும் எதிர்த்து ஆடியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முழங்கால் சேற்றில், ஒரு ஆபீஸ் டீம் பெரிய கிளப்பிடம் ஒரு புள்ளியைப் பறித்துவிட்டால், அந்த ஒரு புள்ளி சீசன் முடியும் வரை ஊரில் பேசப்படும்.

1958இல் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. ஈஸ்டர்ன் ரயில்வே லீக்கையே வென்றுவிட்டது. பின்னாளில் ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய பி.கே. பானர்ஜி அந்த அணியில் ஆடியவர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றும் அழைத்தால் ஓடாதவர் யார் என்று ஊர் கேட்ட காலத்தில், அவர் ரயில்வே வேலையையும் ரயில்வே அணியையும் விடவில்லை. "பி.கே. நம்ம டிபார்ட்மென்ட்" என்று அப்பா சொல்லும்போது, கிழக்கு ரயில்வேக்கும் தென்கிழக்கு ரயில்வேக்கும் இருந்த வித்தியாசம் அவருக்கு மறந்துபோய்விடும்.

என்னை முதல் முதலாக மைதானுக்கு அப்பா கூட்டிப் போனதும் ஒரு பி.என்.ஆர். ஆட்டத்துக்குத்தான். ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். சீசனில் அந்த நேரத்து டிராமில் பாதிப் பேர் ஆபீஸிலிருந்து நேரே வருபவர்கள். கையில் டிபன் டப்பா, கக்கத்தில் குடை. இறங்கியதும் எல்லாக் கால்களும் ஒரே திசையில் நடந்தன. ஒரு பக்கம் கவர்னர் மாளிகை, ஒரு பக்கம் ஈடன் தோட்டம், எதிரே ஃபோர்ட் வில்லியம் கோட்டை. நடுவில் பரந்து கிடந்த அந்தப் பச்சை நிலம் ராணுவத்துக்குச் சொந்தம். அதனால்தான் யாரும் நிரந்தரமாகக் கட்டடம் எழுப்ப முடியாது. பெரிய மூன்று கிளப்புகளுக்கும் வேலி போட்ட மைதானமும் மரப் பலகை கேலரியும் உண்டு. சின்னக் கிளப்புகளுக்கு ஒரு டென்ட், ஒரு கோல்கம்பம், சுற்றிலும் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆடு மேயும். அந்தப் பக்கம் லீக் ஆட்டம் நடக்கும்.

டென்ட் என்றால் கூடாரம் மட்டுமல்ல. முன்னால் ஒரு சின்னப் புல்தரை, பிரம்பு நாற்காலிகள், உள்ளே ஒரு கேன்டீன். பட்டாணிச் சுண்டல் போன்ற கூக்னி, வெண்ணெய் தடவிய டோஸ்ட், வயசானவர்களுக்கு ஸ்டூ. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் சாயங்காலமானால் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்பா தூரத்திலிருந்தே கைகாட்டி, "அவர்தான் ஒலிம்பிக்ஸ் ஆடினவர்" என்பார். அந்த மனிதர் சாதாரண வேட்டி, ஜிப்பாவில் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒலிம்பிக்ஸ் ஆடினவரும் டிபன் டப்பாவோடு வந்தவரும் ஒரே கெட்டிலிலிருந்து டீ வாங்கிக் குடித்த இடம் அது.

அந்த ஊரில் எங்களுக்குப் பெருமை தந்த தமிழ்ப் பெயர்களும் இருந்தன. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். ராணுவத்திலிருந்து வந்தவர், நெட்டை மனிதர். பெங்களூரிலிருந்து வந்த அருமைநாயகம் மோகன் பகானின் விங்கர். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருவரும் இருந்தார்கள். லேக் மார்க்கெட் காபிக் கடையில் யாராவது "அருமை" என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும். அதற்கு முந்தின தலைமுறையில் ஈஸ்ட் பெங்காலின் முன்கள ஐவர், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமத் கான், சாலே, தெற்கிலிருந்து போனவர்கள். வங்காளிகள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்று அழைத்தார்கள். கிழக்கு வங்காளத்தின் பெயரைத் தாங்கிய கிளப்புக்கு, காக்கிநாடாவும் கோட்டயமும் பெங்களூரும் கோல் அடித்துக் கொடுத்தன.

லீக்கின் பழைய கதையைச் சொன்னவர் கீழ்வீட்டுக் காக்குவின் அப்பா. நாங்கள் தாது என்று கூப்பிடுவோம். கரன்ட் போன இரவுகளில் வாசல் திண்ணையில் விசிறிக்கொண்டே சொல்லுவார். கல்கத்தாவில் கரன்ட் அடிக்கடி போனதால் கதையும் நீண்டது.

இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன், அதாவது ஐ.எஃப்.ஏ., 1893இல் அமைந்தது. லீக் 1898இல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய லீக் அதுதான். முதல் சாம்பியன் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட், ஒரு வெள்ளைக்காரப் பட்டாளம். ஆரம்ப வருஷங்களில் இந்தியக் கிளப்புகளுக்கு லீக்கில் இடமே இல்லை. 1911இல் மோகன் பகான், பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று தோற்கடித்து ஷீல்டை வென்ற கதை உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகும் அவர்கள் லீக்குக்குள் வர 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இரண்டாம் டிவிஷனில்தான். அடுத்த வருஷம் முதல் டிவிஷன். அங்கேயும் இந்தியக் கிளப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு விதி. அந்தக் கதவைத் தட்டித் தட்டி, 1925இல் ஈஸ்ட் பெங்கால் உள்ளே வந்தது. வந்த வருஷமே மே 28ஆம் தேதி மோகன் பகானை 1-0 என்று வென்றது. அடித்தவர் நேபாள் சக்ரவர்த்தி. தாது அந்தப் பெயரைச் சொல்லும்போது விசிறி நின்றுவிடும்.

"லீக்குல ஜெயிச்ச முதல் இந்தியக் கிளப் எதுன்னு சொல்லு பார்ப்போம்" என்று தாது கேட்பார். மேல்வீட்டுப் பையன் மோகன் பகான் என்பான். தாது தலையாட்டி மறுப்பார். முகமதன் ஸ்போர்ட்டிங். 1934இல் முதல் டிவிஷனுக்கு வந்தார்கள், வந்த முதல் வருஷமே பட்டத்தைத் தட்டினார்கள். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் வேறு யாருக்கும் தரவில்லை. பெங்களூர் உட்பட எங்கெங்கோ தேடி ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். மழை பெய்து தரை வழுக்கினால் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். அதுவரை மழை பெய்தால் பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்குக் கொண்டாட்டம், வெறுங்கால் இந்தியனுக்குத் திண்டாட்டம். மழையின் சாதகத்தை முகமதன் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் பிறகுதான் 1939இல் மோகன் பகானும், 1942இல் ஈஸ்ட் பெங்காலும் முதல் பட்டம் பெற்றன. தான் உயிராக நேசித்த கிளப் மூன்றாவதாக வந்த கதையைத் தாது ஒரு பெயரையும் குறைக்காமல், ஒரு வெற்றியையும் மறைக்காமல் சொல்லுவார். ஒரு நல்ல ரசிகர் எப்படி இருப்பார் என்று நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஊரின் துயரமும் லீக்கின் ஏட்டில் பதிந்திருக்கிறது. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது லீக் பாதியில் நின்றது. 1947இல் கலவரத்தால் நடக்கவில்லை. அடுத்த வருஷங்களில் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. ஆனால் அவர்கள் விட்டுவந்த மண்ணின் பெயர் அட்டவணையில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெயர் ஜெயிக்கும். "எங்களுக்கு அது போதுமாயிருந்தது" என்று தாது சொன்னார்.

எழுபதுகள் காக்குவின் பொற்காலம். 1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை லீக்கை வென்றது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும், பொரோ மேட்ச் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய ஆட்டத்தன்று எங்கள் வீட்டுப் படிக்கட்டில் பேச்சு நின்றுவிடும். அதிகாலையிலேயே கேலரி டிக்கெட்டுக்கு வரிசை நிற்கும். 60 பைசா கேலரி. டிக்கெட் கிடைக்காதவர்கள் கோட்டைச் சரிவில் ஏறி நின்று பார்ப்பார்கள். அட்டையில் இரண்டு கண்ணாடித் துண்டைப் பொருத்திச் செய்த பெரிஸ்கோப்பை விற்பவர்கள் இருந்தார்கள். தலைகளுக்கு மேலே அதை நீட்டிப் பிடித்தால் ஆட்டத்தில் பாதி தெரியும். குதிரைப் போலீஸ் வரிசையை ஒழுங்கு செய்யும். மீதி ஊர் முழுக்க ரேடியோவில் அஜய் பாசுவின் குரல். பெண்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து கேட்டவர்கள்தான். ஆனால் காக்கு வீட்டு மாசிமாவுக்குத் தெரியாத ஆட்டக்காரர் இல்லை. அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டே, "சுதீர் இன்னும் முன்னால வரணும்" என்று ரேடியோவுக்கு யோசனை சொல்லுவார்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மார்க்கெட்டில் ஹில்சா மீன் விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால். எங்கள் வீடு சைவம். ஜெயித்த அன்று மாசிமா எங்களுக்காகத் தனியாகச் சந்தேஷ் வாங்கி அனுப்புவார். தோற்றவர் வீட்டுக்கு அம்மா ரசம் கொடுத்தனுப்புவாள். "பாவம், அவா வீட்ல இன்னிக்கு அடுப்பு மூட்டியிருக்க மாட்டா" என்பாள். அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் எந்தத் தளத்தில் ரேடியோ அலறுகிறது என்று கேட்டே, யார் ஜெயித்தார், ரசம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வாள்.

1976இல் காற்று மாறியது. ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியளித்த பி.கே. பானர்ஜி மோகன் பகானுக்குப் போனார். ஹைதராபாத் சகோதரர்கள் ஹபீபும் அக்பரும் அங்கே இருந்தார்கள். லீக்கின் பெரிய ஆட்டத்தில், ரேடியோவை நாங்கள் சரியாகத் திருகி முடிப்பதற்குள், பதினேழாவது விநாடியில் அக்பர் கோல் போட்டுவிட்டார். மேலே இடி விழுந்த சத்தம். கீழே ஒரு சத்தமும் இல்லை. அந்த வருஷப் பட்டம் மோகன் பகானுக்கு. அன்று ராத்திரி ரசம் கீழே போயிற்று.

லீக் தொடங்கும் முன்னே இன்னொரு சீசன் உண்டு: ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் காலம். ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின நாட்களில், எதிர்க் கிளப் ஆள்கள் கண்ணில் படாமல் நட்சத்திர ஆட்டக்காரர்களை ரகசியமாகத் தங்கவைப்பார்கள். பத்திரிகைகள் அதைத் துப்பறியும் தொடர் போல எழுதும். 1985இல் கிரிஷானு தேயும் விகாஷ் பாஞ்சியும் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் பேங்கில் அன்று காலை கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் அதே பேச்சு.

மேலே இப்படி ஒரு திருவிழா நடக்க, கீழே என்ன நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் லீக்கின் பாதியைத்தான் சொன்னதாகும். முதல் டிவிஷனுக்குக் கீழே இரண்டாவது, மூன்றாவது என்று டிவிஷன்கள் இறங்கிக்கொண்டே போகும். கீழ்ப்படியில் பாடாக் கிளப்புகள், அதாவது தெருக் கிளப்புகள். எங்கள் தெருக் கிளப்பில் கேரம் பலகை, துர்கா பூஜை வசூல் நோட்டு, ஒரு பீரோ நிறைய மங்கிய கோப்பைகள் இருந்தன. எங்கள் தெருவில் பால் பூத்தில் வேலை செய்தவரின் மகன் ஒரு கீழ் டிவிஷன் டீமில் லெஃப்ட் பேக். ஆட்டத்துக்கு அவனுக்குக் கிடைத்தது பஸ் சார்ஜும், முடிந்த பிறகு முட்டை டோஸ்டும் வாழைப்பழமும். அவனுடைய ஆட்டத்தைப் பார்க்கக் கயிற்றோரம் உட்காருபவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள்.

ஒரு சீசனில் நன்றாக ஆடினான். அடுத்த வருஷம் மேல் டிவிஷன் டீம் ஒன்று கூப்பிட்டது. பிறகு ஒரு அரசு அலுவலக அணியில் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். தேர்வானான். வேலை கிடைத்தது. அவன் இந்தியாவுக்கு ஆடவில்லை, பெரிய கிளப்புக்கும் ஆடவில்லை. ஆனால் அந்த வேலையில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தான், தகரக் கூரை வீட்டுக்குத் தளம் போட்டான். சம்பளம் வாங்கிய முதல் மாசம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு ரசகுல்லா கொண்டுவந்தாள். அப்பா அன்று என்னிடம், "இதுக்குத்தாண்டா லீக்" என்றார். அப்பா சொன்னதற்குப் பின்னால் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. கீழ் டிவிஷனில் ஜெயித்த அணி மேலே போகும், மேலே தோற்ற அணி கீழே வரும், நன்றாக ஆடும் பையனை அடுத்த கிளப் பார்க்கும், ஆபீஸ் டீம் வேலை தரும். லீக் ஒரு நீளமான ஏணி. தரையில் நிற்கிற பையனின் கால் எட்டும் உயரத்தில் அதன் முதல் படி இருந்தது.

1980 ஆகஸ்ட் 16ஆம் தேதியைச் சொல்லாமல் போக முடியாது. ஈடன் தோட்டத்தில் லீக்கின் பெரிய ஆட்டம். மைதானத்தில் எழுந்த சண்டை கேலரிக்குப் பரவி, நெரிசலில் பதினாறு பேர் இறந்துபோனார்கள். காக்குவும் மேல்வீட்டுப் பையனும் போயிருந்தார்கள். இருட்டிய பிறகும் இருவரும் வரவில்லை. மாசிமாவும் மேல்வீட்டு அம்மாவும் என் அம்மாவும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் தெரு ஆண்களும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் இருவரும் ஒன்றாக நடந்து வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தில் பையனைப் பார்த்த காக்கு அவன் கையைப் பிடித்தவர், வீட்டு வாசல் வரை விடவில்லை. அந்தப் பதினாறு பேரின் நினைவாக ஒவ்வோர் ஆகஸ்ட் 16ஆம் தேதியும் கல்கத்தாவில் ரத்ததான முகாம் நடக்கிறது. நான் அங்கே இருந்தவரை, காக்குவும் அந்தப் பையனும் சேர்ந்தே ரத்தம் கொடுக்கப் போவார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மெல்ல மாறியது. 1984இல் சால்ட் லேக் ஸ்டேடியம் வந்தது, பெரிய ஆட்டங்கள் மைதானை விட்டு அங்கே போயின. 1996இல் தேசிய லீக் தொடங்கியது. வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் ஐரோப்பிய ஆட்டங்கள் வந்தன. பெரிய கிளப்புகள் பணமும் ஒப்பந்தமும் பேச, ஆபீஸ் அணிகளில் விளையாட்டுக்காக ஆள் எடுப்பது குறைந்தது. பி.என்.ஆரும் மேல் வரிசையில் நிலைக்க முடியாமல் இறங்கியது. அப்பா ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகும் தபாலில் வரும் பழைய பத்திரிகையில் அந்தப் பெயரைத் தேடுவார். எத்தனையாவது வரிசையில் இருந்தாலும், இருக்கிறது என்பதே அவருக்கு நிம்மதி.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பின்னாளில் பெரிய மூன்று கிளப்புகளும் அங்கே ஆடப் போயின. கல்கத்தா லீக்குக்கு அவர்கள் பெரும்பாலும் இளைஞர் அணிகளை அனுப்புகிறார்கள். லீக்கின் மதிப்பு போய்விட்டது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. சில வருஷம் முன்பு பேங்க் நண்பர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்குக் கல்கத்தா போனபோது, ஒரு நாள் மதியம் தனியாக எஸ்பிளனேடில் இறங்கி நடந்தேன். கயிறு கட்டிய ஒரு மைதானத்தில் கீழ் டிவிஷன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. டென்ட் இருந்தது, கூக்னியும் இருந்தது. கயிற்றோரம் ஒரு அம்மா தன் மகனின் செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் டிவிஷன் வரை இன்றும் இறங்கிப் போகிற அந்த லீக்கில், அவள் மகனைப் போன்ற பையன்கள் எத்தனை பேர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பந்தைத் தொடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என் வருத்தம் அன்று தீர்ந்தது.

நான் நினைத்ததற்குச் சான்றும் கிடைத்தது. 2019இல் பியர்லெஸ் அணி லீக்கை வென்றது. 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே வென்ற பிறகு, மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி ஓர் அணி பட்டம் வாங்கியது அப்போதுதான். 2021இல் முகமதன் ஸ்போர்ட்டிங் நாற்பது வருஷம் கழித்துச் சாம்பியன் ஆனது. 2023இலிருந்து வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல் லீக் நடக்கிறது. களத்தில் வங்காளப் பையன்கள் சிலராவது இருந்தாக வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024ஆம் வருஷத்தின் கடைசி நாள் ஹைதராபாத்தில் வங்காளம் கேரளத்தை 1-0 என்று வென்று, முப்பத்து மூன்றாவது முறையாகச் சந்தோஷ் டிராபியை எடுத்தது. அந்தக் கோலைப் போட்ட ரபி ஹன்ஸ்தா பர்தமான் பக்கத்துக் கிராமத்துப் பையன். கல்கத்தா லீக்கில் கஸ்டம்ஸ் அணிக்கு ஆடியவர். அப்பாவின் நோட்டில் நான் வருஷக்கணக்காக எழுதிய அதே கஸ்டம்ஸ்.

பெரிய அணிகள் உலகமெங்கும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும். அவற்றுக்குப் பணம் இருக்கிறது, கேமரா இருக்கிறது. ஒரு ஊர் காப்பாற்ற வேண்டியது கீழ் டிவிஷனை. அட்டவணை நேரத்துக்கு வர வேண்டும், நடுவர் வர வேண்டும், மைதானம் மைதானமாகவே இருக்க வேண்டும், ஜெயித்தவன் மேலே போக வேண்டும். இவ்வளவு நடந்தால் மீதியைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். சென்னையிலும் ஒரு லீக் இருக்கிறது. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று ஆபீஸ் அணிகள் தாங்கி நின்ற லீக். வியாசர்பாடித் தெருக்களில் பந்தைத் தட்டிப் பழகி இந்தியாவுக்கே ஆடியவர்கள் நம்மிடமும் உண்டு. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் ஒரு நாள் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாத இரண்டு அணிகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த அணி என்ன ஆயிற்று என்று தேடுவீர்கள். நான் இந்த வருஷம் ஒன்றைப் பிடித்திருக்கிறேன். அவர்களுக்கு வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டம். ஒரு டிரா போட்டாலே மேல் டிவிஷனுக்குப் போய்விடுவார்கள்.